கடவுளா, கடவுளுக்குக் கொண்டுவருபவளா? மேற்கு ஆப்பிரிக்க வழிபாட்டு மரச் சிற்பங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் நைஜீரியாவின் யோருபா மக்களுடைய மரச் சிற்பங்கள் சிலவற்றைப் படமாகப் போட்டு, கீழே நாலு வரி மட்டும் எழுதியிருந்தோம். தலையில் இரட்டைக் கோடரியோடு மண்டியிட்ட ஒரு பெண்ணும், மணி மாலை போட்ட ஒரு ஜோடி இரட்டையர் பொம்மையும் அதில் இருந்தன. நாலு வரி போதாது என்று வந்த கடிதங்களே சொல்லிவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, முடிந்தவரை விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

ஷாங்கோ என்பது ஆண் தெய்வம், இடியின் தெய்வம் என்று எழுதினீர்கள். படத்தில் இருப்பது பெண். படம் மாறிவிட்டதா?

மாறவில்லை. அந்தப் பெண் ஷாங்கோ இல்லை, ஷாங்கோவைக் கும்பிடுகிறவள். யோருபா வழிபாட்டிடங்களில் இருக்கும் மர உருவங்களில் பெரும்பாலானவை இப்படித்தான்: தெய்வத்தின் முன்னால் மண்டியிட்டிருக்கும் பக்தை, கிண்ணம் ஏந்தியவள், குழந்தையை முதுகில் கட்டியவள், குதிரை மேல் வரும் வீரன். பார்த்தவுடன் "இது அவர்கள் சாமி" என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம், அங்கேதான் முதல் தப்பு நடக்கிறது.

அப்படியானால் ஷாங்கோ எங்கே இருக்கிறார் என்று கேட்பீர்கள். கவிழ்த்து வைத்த உரல் போன்ற ஒரு மரப் பீடம் இருக்கும், அதன் மேல் ஒரு பாத்திரம், பாத்திரத்துக்குள் வழுவழுப்பான கற்கோடரிகள். மிகப் பழைய காலத்து மனிதர்கள் செய்த கற்கருவிகள் அவை, உழும்போதும் மழையில் மண் அரிக்கும்போதும் வெளியே வருபவை. இடி விழும்போது ஷாங்கோ எறிந்த கற்கள் என்று மக்கள் அவற்றை எடுத்துவந்து வைக்கிறார்கள். வழிபாட்டின் மையம் அந்தக் கற்கள்தான். சிற்பத்துப் பெண்ணின் தலையில் இருக்கும் இரட்டைக் கோடரியும் அதே இடிக்கல்தான், அதைச் சுமப்பவள் அவள். இதேபோல் இரும்புக்கும் போருக்கும் தெய்வமான ஓகுனுக்கு இரும்பு, ஆற்றுத் தெய்வமான ஓஷுனுக்குத் தண்ணீர் நிறைந்த பானை. எல்லோருக்கும் மேலே இருக்கும் ஓலோடுமாரேக்கு உருவமே கிடையாது. தெய்வங்களின் தூதரான எஷுவுக்கு மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி: பின்னால் வளைந்து நீளும் தலைமுடியோடு இருக்கும் அந்த உருவங்களை அவருடைய சாயலாகவே பார்ப்பவர்களும் உண்டு.

தலை ஏன் அவ்வளவு பெரியது? அளவு தெரியாமல் செதுக்கினார்களா?

அளவு தெரிந்துதான். உண்மையான மனித உடலில் தலை ஏழில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு வரும். யோருபா சிற்பத்தில் அது நாலில் ஒன்று, சில சமயம் மூன்றில் ஒன்று. ஒருவருடைய விதி தலைக்குள்ளே இருக்கிறது, பிறக்கும் முன்பே அஜாலா என்கிற தெய்வக் குயவனிடம் போய் அவரவர் தலையை அவரவரே தேர்ந்தெடுத்துக்கொண்டு வருகிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. வெளியே தெரியும் தலை உள்ளே இருக்கும் தலைக்கு வீடு. ஆக, சிற்பி எதை முக்கியம் என்று நினைக்கிறாரோ அதற்கு இடம் கொடுக்கிறார். கை கால்களைச் சின்னதாக முடித்துவிட்டு முகத்துக்கும் சடைக்கும் அத்தனை பாடுபடுவது இதனால்தான்.

இரட்டையர் பொம்மைகள் இறந்த குழந்தைகளுக்காகச் செய்தவை என்கிறீர்கள். ஆனால் முகமும் மார்பும் பெரியவர்கள் மாதிரி இருக்கின்றனவே?

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உலகத்திலேயே இரட்டைக் குழந்தைகள் மிக அதிகமாகப் பிறக்கும் மக்களில் யோருபாக்கள் ஒருவர். தென்மேற்கு நைஜீரியாவில் ஓயோ மாநிலத்தில் உள்ள இக்போ-ஓரா ஊர் இதற்காகவே பெயர் வாங்கியது. 1970-களில் அந்தப் பகுதியில் எடுத்த கணக்குகளில் ஆயிரம் பிரசவங்களுக்கு 40-க்கும் மேல் இரட்டையர், உலகச் சராசரியோ 12 பக்கம்தான். முதலில் வருவது தாய்வோ, அடுத்து வருவது கெஹிந்தே. இரண்டாவதாகப் பிறந்த கெஹிந்தேதான் மூத்தது என்பார்கள், உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரத் தாய்வோவை முன்னால் அனுப்பியது கெஹிந்தே என்பதால்.

ஆனால் இரட்டையர் எடை குறைந்து, சீக்கிரமே பிறப்பவர்கள். மருத்துவ வசதி இல்லாத காலத்தில் ஒன்றோ இரண்டுமோ போய்விடுவது சாதாரணம். இருவருக்கும் ஆன்மா ஒன்றுதான் என்ற நம்பிக்கையில், போன குழந்தை இருக்கும் குழந்தையையும் இழுத்துக்கொள்ளுமோ என்று தாய் பயப்படுவாள். இஃபா குறி பார்க்கும் பபலாவோவிடம் போவார்கள். அவர் சொன்னால் சிற்பியிடம் சொல்லி இபெஜி உருவம் ஒன்று செய்வார்கள். ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரம்தான், பெரும்பாலும் 20 முதல் 30 செ.மீ.

அதன் பிறகு நடப்பதுதான் முக்கியம். தாய் அந்த உருவத்தைக் குளிப்பாட்டுவாள், எண்ணெயும் சிவப்பு மரப்பொடியும் பூசுவாள், தலைமுடிக்கு அவுரி நீலம் வைப்பாள் (பிற்காலத்தில் துணிக்குப் போடும் சலவை நீலம் கடைகளில் சுலபமாகக் கிடைக்கத் தொடங்கியதும் அதையே வைத்தார்கள்). உயிரோடிருக்கும் குழந்தைக்கு ஊட்டும்போது இதன் வாயிலும் ஒரு வாய் வைப்பாள். இடுப்புத் துணியில் செருகிக்கொண்டு சந்தைக்கும் போவாள். வசதியுள்ள வீட்டில் மணிகளும் சோழிகள் தைத்த சட்டையும் வரும். வருடக்கணக்காக இப்படித் தேய்த்துத் தேய்த்து, பல இபெஜிகளின் மூக்கும் கண்ணும் மழுங்கிப் போயிருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் அப்படி முகம் தேய்ந்த ஒன்றைப் பார்க்கும்போது சிற்பியின் திறமையை விடவும் அந்தத் தாயின் விரல்கள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. உளி பாதி வேலையைத்தான் செய்தது, மீதியை அவள் செய்தாள் என்றே சொல்வேன்.

சரி, பெரியவர் முகம் ஏன்? செதுக்குவது இறந்த அன்று இருந்த பச்சைக் குழந்தையை அல்ல. அது வளர்ந்து, மணம் முடித்து, முழு ஆளாக நின்றிருந்தால் எப்படி இருக்குமோ அதைச் செதுக்குகிறார்கள். அதனால்தான் மார்பு, முழு அலங்காரச் சடை, கன்னத்தில் குலக்குறிக் கீறல்கள் எல்லாம். யாருடைய முகச்சாயலும் அதில் இருக்காது, ஆணா பெண்ணா என்பதும் எந்தக் குலம் என்பதும் இருக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பொம்மையை வைத்தே இதைச் செய்தவர்கள் உண்டு. புகைப்படக் கடைக்காரர்களும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: உயிரோடிருக்கும் குழந்தையின் ஒரே படத்தை இரண்டு முறை பக்கத்துப் பக்கத்தில் அச்சடித்து ஜோடியாக்கினார்கள். இறந்தது அண்ணன், இருப்பது தங்கை என்றால் அவளுக்கே பையன் உடுப்புப் போட்டு இன்னொரு படம். மரம் போய்க் காகிதம் வந்தாலும் அந்தத் தாயின் தேவை அப்படியே இருந்தது, எனக்கு இதில் குறைத்துப் பேச எதுவும் தெரியவில்லை.

சில சிலைகள் மேல் ரத்தமும் அழுக்கும் அடை அடையாக அப்பியிருக்கிறதே, கழுவவே மாட்டார்களா? அல்லது நம்ம அபிஷேகம் மாதிரியா?

மேலே ஊற்றிப் படைப்பது என்ற அளவில் அபிஷேகத்தை நினைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் அந்த ஒப்புமையை இழுக்க வேண்டாம், ஏனென்றால் அங்கே ஊற்றியதைக் கழுவி எடுப்பதில்லை. படிந்து ஏற ஏறத்தான் அதற்கு வலு.

ஐவரி கோஸ்ட்டில் வாழும் பவுலே மக்களை எடுத்துக்கொண்டால் இது நன்றாகப் புரியும். அவர்களிடம் இரண்டு விதமான உருவம் உண்டு, இரண்டையும் செய்வது ஒரே சிற்பிதான், வடிவத்தை வைத்து மட்டும் பிரிப்பது கஷ்டம். ஒன்று காட்டு ஆவிக்கு, அஸியே உசு என்பார்கள். அது குறி சொல்பவரைப் பிடிக்கும், அவர் அந்த உருவத்தை வைத்துப் பூசை போடுவார், கோழி ரத்தமும் முட்டையும் அதன் மேல் விழும். அதனால் மேலே தடித்த அடை. இன்னொன்று மறு உலகத்துத் துணை. பிறப்பதற்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு கணவனோ மனைவியோ இருந்தார்கள், விட்டுவிட்டு வந்ததால் அவர்களுக்குப் பொறாமையும் கோபமும் வரும், குழந்தைப்பேறு தள்ளிப்போவதும் குடும்பச் சண்டையும் அதனால்தான் என்று குறி சொல்பவர் சொன்னால், அந்தத் துணைக்கு அழகான ஓர் உருவம் செய்து படுக்கையறையில் வைப்பார்கள். வாரத்தில் ஒரு ராத்திரி அந்தத் துணைக்கென்று ஒதுக்கித் தனியே படுப்பார்கள். இந்த உருவத்தைத் துடைத்து, எண்ணெய் தடவி, கையால் தொட்டுத் தொட்டே வைத்திருப்பதால் அது பளபளவென்று இருக்கும். ஆக, மேற்பரப்பைப் பார்த்தாலே அது என்ன வாழ்க்கை வாழ்ந்தது என்று பாதி தெரிந்துவிடும்.

மாலியின் டோகோன் உருவங்களிலும் தினைக்கூழும் ரத்தமும் படிந்த அடையைப் பார்க்கலாம். அவற்றைத் தேய்த்துக் கழுவி மர நிறம் தெரிய வைத்த சேகரிப்பாளர்கள் இருந்திருக்கிறார்கள். வரவேற்பறைக்கு அழகாக இருக்கும் என்று பல வருட வழிபாட்டையே சுரண்டி எடுத்துவிட்டார்கள், அதைத் திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது.

வேண்டியது நடக்காவிட்டால்?

தூக்கிப் போட்டுவிடுவார்கள். நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் காலாபரி மக்களிடம் ஒரு பழமொழி உண்டு: ஆவி ரொம்ப அட்டகாசம் பண்ணினால், உன்னை எந்தக் கட்டையிலிருந்து செதுக்கினோம் என்று அதனிடமே சொல்லிவிடுவார்களாம். தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ மக்களிடம் இகெங்கா என்று ஒன்று இருக்கிறது, கொம்பு வைத்த உருவம், வலது கையில் கத்தி. ஓர் ஆணின் உழைப்புக்கும் முயற்சிக்கும் உரியது, அதற்குக் கோலா பாக்கும் கள்ளும் வைத்துக் கும்பிடுவார். பலன் கொடுக்காத இகெங்காவைப் பிளந்து அடுப்பில் வைப்பதும் அவர்கள் வழக்கத்தில் உண்டு. மரத்தைக் கும்பிடுகிறார்கள் என்று வெளியிலிருந்து போனவர்கள் இரண்டு நூற்றாண்டாக எழுதினார்கள், அது மரம் என்பது அவர்களுக்குத் தெரியாதது போல.

உடம்பெல்லாம் ஆணி அடித்த சிலைகள் மேற்கு ஆப்பிரிக்காவில் எந்த நாட்டுடையவை?

அவை மேற்கு ஆப்பிரிக்காவே இல்லை. மத்திய ஆப்பிரிக்காவின் கொங்கோ மக்களுடையவை. எல்லாவற்றையும் "ஆப்பிரிக்கச் சிலை" என்று ஒரே பெட்டியில் போடுவதால் வரும் குழப்பம் இது.

ஆனால் பெனின் நாட்டில் ஃபோன் மக்கள் செய்யும் போச்சியோ உருவங்களைப் பார்த்திருந்தால் உங்களுக்குச் சந்தேகம் வந்ததில் தப்பில்லை. முரடாகச் செதுக்கிய கம்பு மாதிரியான உடம்பு, அதைச் சுற்றிக் கயிறு, எலும்பு, சோழி, சில சமயம் பூட்டு. துளையில் ஒரு முளைக்குச்சி இருக்கும், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அதைச் செருகுவார்கள். வீட்டு வாசலில் மண்ணில் நட்டு வைப்பதும் உண்டு, கெட்டது வந்தால் முதலில் அதன் மேல் விழட்டும் என்று. அழகுக்காகச் செய்ததில்லை, பார்க்கிறவருக்கு ஓர் அச்சம் வர வேண்டும் என்றே செய்தது.

இதற்குப் பக்கத்திலேயே புர்கினா ஃபாசோவின் லோபி மக்களையும் சொல்ல வேண்டும், எனக்கு இந்தப் பகுதியிலேயே மிகப் பிடித்தவை அவர்களுடைய பட்டேபா உருவங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. கையை அகல விரித்து நிற்பது வாசலை மறித்துத் தீங்கைத் தடுக்கிறது. சோகமாக நிற்கும் ஒன்று இருக்கிறது, அதன் வேலை வீட்டுக்காரருக்குப் பதிலாகத் துக்கம் காப்பது, அந்தத் துக்கம் அவருக்கு வராமலே போகட்டும் என்று. இப்படி ஒரு யோசனை தோன்றிய மனதைக் கும்பிட வேண்டும்.

இவற்றைச் செய்தவர்கள் பெயர் ஏன் எங்கேயும் இல்லை? கூட்டாகச் செய்ததா?

பெயர் இருந்தது, எடுத்துக்கொண்டு போனவர்கள் கேட்கவில்லை. அருங்காட்சியகச் சீட்டில் "யோருபா, மரம், 20-ஆம் நூற்றாண்டு" என்று எழுதியிருக்கும், அதே ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் இன்னார் செய்தது என்று சொல்லியிருப்பார்கள்.

இசெ ஊர் ஓலோவே என்ற யோருபாச் சிற்பியைப் பாருங்கள். ஏறத்தாழ 1873-இல் பிறந்து 1938-இல் இறந்தவர். எக்கிட்டிப் பகுதி அரசர்களுக்கு அரண்மனைத் தூண்களும் கதவுகளும் செதுக்கினார், வழிபாட்டுக் கிண்ணங்களும் செய்தார். இக்கெரே அரண்மனைக்கு அவர் செய்த கதவு 1924-இல் லண்டனில் நடந்த வெம்பிளி கண்காட்சிக்குப் போனது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அதை விலைக்குக் கேட்டபோது அரசர் விற்கவில்லை, பதிலுக்கு பிரிட்டிஷ்காரர்கள் ஒரு சிம்மாசனம் செய்து கொடுத்த பிறகே கதவைக் கொடுத்தார். ஓலோவே இறந்து ஐம்பது வருடம் கழித்தும் அவர் மனைவிகளில் ஒருவர் அவரைப் பற்றிய புகழ்ப்பாட்டை முழுசாகப் பாடினார். இரும்பு போன்ற இரோகோ மரத்தைச் சுரைக்குடுக்கை போலச் செதுக்குகிறவன் என்று அதில் வருகிறது. எழுத்தில் பெயர் இல்லாவிட்டாலும் பாட்டில் இருந்திருக்கிறது.

செய்முறையிலும் கூட்டு வேலை என்று எதுவும் இல்லை, குருவும் மாணவனும் உண்டு. ஒரே மரத்துண்டு, ஒட்டுப் போடுவது கிடையாது. முதலில் வாச்சியால் வெட்டித் தலை, உடல், கால் என்று பெரிய பெரிய பகுதிகளைப் பிரிப்பார்கள், அப்புறம் அவற்றைக் கண், காது, விரல் எனச் சின்னதாக்குவார்கள், அப்புறம் வழவழப்பாக்குவது, கடைசியில் கத்தி முனையால் சடைப்பின்னலும் கீறல்களும். சின்னப் பையன்களுக்கு வழவழப்பாக்கும் வேலை கிடைக்கும், ஆனால் முதல் வெட்டு குருவுடையது. அந்த வெட்டு தப்பினால் மரம் வீண்.

இந்தப் பரம்பரையில் நம் காலம் வரை இருந்தவர் லமிடி ஃபாகேயே (1928-2009). சிற்பிக் குடும்பத்தில் ஐந்தாம் தலைமுறை. முஸ்லிமாக இருந்துகொண்டே கத்தோலிக்கத் தேவாலயங்களுக்குக் கதவுகள் செதுக்கினார். 2006-இல் யுனெஸ்கோ அவரை வாழும் மனிதப் பொக்கிஷம் என்று கௌரவித்தது.

பழையவை ஏன் இவ்வளவு குறைவு? எல்லாவற்றையும் வெள்ளைக்காரர்கள்தான் கொண்டுபோனார்களா?

முதல் எதிரி கரையான், அடுத்து மழைக்காலத்து ஈரம். இன்று உலகத்தில் இருப்பவற்றில் பெரும்பகுதி 19-ஆம், 20-ஆம் நூற்றாண்டு வேலைதான். மாலியில் டோகோன் மக்கள் வாழும் பண்டியாகரா மலைச்சரிவுக் குகைகள் மாதிரி வறண்ட இடத்தில் இருந்தவை மட்டும் பல நூற்றாண்டு தாக்குப்பிடித்தன. கெட்டுப்போனால் புதிதாகச் செய்துகொள்வது அங்கே இயல்பு, எனவே அதைப் பற்றி அவர்கள் பெரிதாக வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள்.

மனிதர்கள் செய்தது வேறு கணக்கு. 1915-16-இல் கேரிக் பிரெய்டு என்கிற கிறிஸ்தவப் போதகரின் பேச்சைக் கேட்டு நைஜர் கழிமுகத்தில் மக்களே தங்கள் வழிபாட்டுப் பொருள்களை எரித்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் வடக்கு ஐவரி கோஸ்ட்டின் செனுஃபோ ஊர்களில் மாஸா என்கிற புது வழிபாடு பரவி, பழைய உருவங்களைக் காட்டில் வீசினார்கள், வியாபாரிகள் அள்ளிக்கொண்டார்கள். தென்கிழக்கு நைஜீரியாவின் ஓரோனில் முன்னோர் உருவங்கள் பல நூறு சேர்த்து ஓர் அருங்காட்சியகம் வைத்திருந்தார்கள், தென்கிழக்குப் பகுதி பியாஃப்ரா என்ற தனி நாடாகப் பிரிய முயன்றதால் மூண்ட 1967-70 போரில் அதில் பெரும்பகுதி தொலைந்தது, எரிந்தது.

போரில் எடுத்துப் போனதும் உண்டு. 1892-இல் தளபதி டாட்ஸ் தலைமையில் பிரெஞ்சுப் படை, இன்றைய பெனினில் இருந்த தாஹோமே அரசின் தலைநகர் அபோமேக்குள் புகுந்து எடுத்தவற்றில் மூன்று அரசர்களின் மர உருவங்கள் இருந்தன. அவர்களில் கிளேலே சிங்கமாக, பெஹான்சின் சுறாவாக. இந்த இரண்டையும் செய்தவர் சோஸா டேடே. அந்த மூன்றும் சேர்த்து 26 பொருள்களை பிரான்ஸ் 2021 நவம்பரில் பெனினுக்குத் திருப்பிக் கொடுத்தது, அடுத்த ஆண்டு அங்கே கோட்டோனூ நகரில் அவற்றைப் பார்க்க மக்கள் வரிசையில் நின்றார்கள்.

ஆனால் 2020 ஜூனில் பாரிஸில் ஒரு ஜோடி இக்போ அலுசி (தெய்வ) உருவங்கள் ஏலத்துக்கு வந்தன. பியாஃப்ரா போர்க்காலத்தில் ஊரை விட்டு வெளியேறியவை என்று சொல்லி, நிறுத்துங்கள் என்று நைஜீரியா தரப்பிலிருந்து குரல் எழுந்தது. நிறுத்தவில்லை, 2,12,500 யூரோவுக்கு விற்றது. ஊர் பட்டினியில் கிடக்கும்போது கோயிலிலிருந்து வெளியே போனதைச் சட்டப்படி வாங்கியது என்று வாதாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்றைக்கும் கும்பிடுகிறார்களா?

ஆமாம். பெனினில் ஜனவரி மாதம் வோடூன் என்னும் பாரம்பரிய வழிபாட்டுப் பண்டிகைக்கு அரசு விடுமுறை. நைஜீரியாவின் ஓசொக்போவில் ஆகஸ்ட் மாதம் ஓஷுன் ஆற்றுத் திருவிழா நடக்கிறது, அந்தப் புனிதக் காடு 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. மசூதிக்கும் தேவாலயத்துக்கும் போகிறவர்கள்தான் அங்கே இப்போது பெரும்பான்மை, அவர்களிலும் பலர் இரட்டையர் பிறந்தால் விருந்து வைக்காமல் விடுவதில்லை.

என் மாமனார் 1970-களில் நைஜீரியாவில் ஆசிரியராக இருந்தார். அவர் கொண்டுவந்த ஒரு சின்ன மரப் பெண் உருவம் வீட்டில் இருக்கிறது, சிவப்பாகத் தூசி மாதிரி கையில் ஒட்டுகிறது. பாலிஷ் போடலாமா? பழையதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பாலிஷ் வேண்டவே வேண்டாம். தண்ணீர், எண்ணெய், ஈரத்துணி எதுவும் வேண்டாம். அந்தச் சிவப்பு யாரோ பூசிய மரப்பொடியாக இருக்கலாம், அது போனால் அதன் கதையில் பாதி போய்விடும். காய்ந்த மென்மையான தூரிகையால் தளர்ந்த தூசியை மட்டும் தட்டுங்கள். வெயில் படாத இடத்தில் வையுங்கள். அடியில் மாவு போல ஏதாவது கொட்டுகிறதா என்று அவ்வப்போது பாருங்கள், கொட்டினால் பூச்சி இருக்கிறது, உறையில் மூடித் தனியே வைத்துவிட்டு அருங்காட்சியகப் பாதுகாப்பு நிபுணர் யாரிடமாவது கேளுங்கள், வீட்டு மருந்து அடிக்காதீர்கள்.

பழையதா என்பதற்கு: தேய்மானம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உண்மையாகப் புழங்கிய உருவத்தில் கை படும் இடங்களான முகமும் மார்பும் முதுகும் வழுக்கும், இடுக்குகளில் மட்டும் சிவப்பும் நீலமும் தங்கியிருக்கும். விற்பனைக்காகப் பழசாக்கியதில் புகையும் சாயமும் எல்லா இடத்திலும் ஒரே சீராக ஓடியிருக்கும், கை போக முடியாத இடம்கூடத் தேய்ந்திருக்கும். ஒரு படத்தை வைத்து இதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நைஜீரியாவின் 1979-ஆம் வருடச் சட்டப்படி, 1918-க்கு முன் செய்தது, அல்லது எந்தக் காலத்தில் செய்ததானாலும் கலை, வரலாற்று மதிப்போடு சடங்கில் பயன்பட்டது, தொல்பொருள்தான், அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. உங்கள் மாமனார் சந்தையில் புதிதாக வாங்கியிருக்கலாம், அப்படியானால் ஒரு கவலையும் இல்லை. ஒரு வீட்டின் இபெஜி என்று சந்தேகம் வந்தால் நான்கு பக்கமும் படம் எடுத்து, அவர் எந்த ஊரில் எந்த வருடங்களில் வேலை பார்த்தார் என்பதையும் எழுதி, நைஜீரியாவின் தேசிய அருங்காட்சியக, நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்புங்கள். உங்களிடம் பழைய கடிதங்கள், ரசீது, அந்த வீட்டில் எடுத்த புகைப்படம் எது இருந்தாலும் உருவத்தோடு சேர்த்தே வையுங்கள், தனியாகப் பிரித்துவிடாதீர்கள்.